கோபம் வரும், இங்கிலீஷ் வராது

எனக்குத் தமிழில் வாய் நீளம். இதை என் வீட்டுக்காரரும் சொல்லுவார், பெங்களூர் லிங்கராஜபுரத்தில் எங்கள் தெருவுக்கு வரும் தண்ணீர் லாரிக்காரரும் சொல்லுவார். கன்னடத்திலும் சுமாராகச் சண்டை போடுவேன். இங்கிலீஷ் என்று வந்துவிட்டால் மட்டும் எனக்கு வாய் இருக்கிற இடமே தெரியாது. தொம்மலூரில் ஒரு கம்பெனி ஆபீஸில் டீ, காபி போட்டுக் கொடுக்கும் வேலையில் பல வருஷம் இருந்தேன். அங்கே எனக்குத் தேவைப்பட்ட இங்கிலீஷ் 'வித் சுகர்', 'வித்தவுட் சுகர்' என்பதோடு முடிந்துபோனது.

நாற்பது வயதைத் தாண்டியதும் கால் வீங்க ஆரம்பித்தது. காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றுகொண்டே செய்கிற வேலை. உட்கார்ந்து செய்கிற வேலையாகப் பாரும்மா என்றார் டாக்டர், கடையில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள் என்பது போல. அந்தக் கட்டிடத்தில் எங்களைப் போன்றவர்கள் உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான் இருந்தது. வாசலில் ரிசப்ஷன் மேசை. வருகிறவர்களின் பெயரைக் கேட்டு, அட்டை கொடுத்து, மேலே போன் செய்து சொல்ல வேண்டும். அங்கே இருந்த பெண் கல்யாணமாகி வெளியூர் போகப்போகிறாள் என்று கேள்விப்பட்டதும் அந்த நாற்காலி மேல் எனக்கு ஆசை வந்துவிட்டது. சும்மா ஆசை இல்லை, கனவில்கூட அதில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே வேலை செய்கிறவர்களில் ஒருவருக்கே தருவோம், ஆனால் இங்கிலீஷ் பேச வரவேண்டும் என்றார்கள். அதற்காகச் சனிக்கிழமைகளில் கேன்டீனில் ஒரு வகுப்பும் வைத்தார்கள்.

டீச்சர் என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர், கன்னடக்காரர். எங்களுக்குப் புரியட்டும் என்று கன்னடத்தையும் தனக்குத் தெரிந்த தமிழையும் கலந்துதான் நடத்துவார். முதல் பாடம், நம்மால் என்னென்ன செய்ய முடியும் என்று சொல்வது. 'ஐ கேன்' என்று ஆரம்பித்து ஆளுக்கொன்று சொல்ல வேண்டும். கம்பெனி டிரைவர் எழுந்து, "ஐ நோ டிரைவிங்" என்றார். அடுத்து நான் எழுந்து, "குக்கிங் இஸ் கமிங் டு மீ" என்றேன். எனக்குச் சமையல் வரும், அதைத்தான் சொன்னேன்.

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "சமையல் தானா நடந்து வருமா அக்கா?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் யோசித்துப் பார்த்தேன். நாம் அப்படித்தானே சொல்கிறோம். பாட்டு வரும், கோலம் வராது, கணக்கு சுத்தமாக வராது. ஏதோ அதுவாகப் பார்த்து நம்மிடம் வந்து சேர்ந்தது, நம் சாமர்த்தியம் அதில் ஒன்றும் இல்லை என்கிற மாதிரி. 'நான் பிரமாதமாகச் சமைப்பேன்' என்று நாலு பேர் நடுவில் எழுந்து சொன்னால் நம் பக்கத்தில் தற்பெருமைக்காரி என்பார்கள். இங்கிலீஷில் அப்படிச் சொன்னால்தான் வேலையே கிடைக்குமாம். வீட்டில் கண்ணாடி முன் நின்று 'ஐ கேன் குக்' என்று சொல்லிப் பார்த்தேன். எனக்கே வெட்கமாக இருந்தது.

அடுத்த பாடம் உணர்ச்சிகள். அது இன்னும் மோசம். எங்களிடம் இருந்ததெல்லாம் ஒரே வார்த்தை, பேஜார். மனசு சரியில்லை என்றாலும் பேஜார், பொழுது போகவில்லை என்றாலும் பேஜார், மேனேஜர் திட்டினாலும் பேஜார். பெங்களூரில் தமிழர் கன்னடர் எல்லோருக்கும் அந்த ஒன்றே போதும். டீச்சர் அதற்குப் போர்டில் நாலைந்து இங்கிலீஷ் வார்த்தைகளை எழுதி, ஒவ்வொன்றும் வேறு வேறு என்றார். பரவாயில்லை, இருந்துவிட்டுப் போகட்டும் என்று எழுதிக்கொண்டேன். அதற்குப் பிறகு 'ஐ ஆம் ஆங்ரி' என்று எழுதினார். அங்கேதான் எனக்கு இடித்தது.

"அது எப்படி மேடம், நானே கோவம்னு சொல்றது?" என்று கேட்டேன். "நான் வேற, கோவம் வேற. கோவம் வருது, கொஞ்ச நேரம் இருக்குது, அப்புறம் போயிடுது. நான் இங்கியேதானே இருக்கேன்?"

டிரைவர் சிரித்தார். டீச்சர் சிரிக்கவில்லை. பேனாவை மூடிக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் போர்டையே பார்த்தார். பிறகு, "ஹௌது, நமகூ கோப பரத்தே" என்றார், தனக்குள் சொல்லிக்கொள்வது போல. ஆமாம், அவருடைய கன்னடத்திலும் கோபம் வரத்தான் செய்கிறது. அன்றைக்கு அவரை எனக்குப் பிடித்துப்போனது. ஆனாலும் பாடம் பாடம்தான். 'ஐ ஆம் ஆங்ரி' என்று எல்லோரும் சேர்ந்து சொன்னோம். யார் முகத்திலும் கோபம் இல்லை.

மேனேஜர் எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசுவதாக இருந்த நாளில், விடியும்போதே எனக்குக் குளிர்க்காய்ச்சல். லீவு போட்டால் நாற்காலி போய்விடும் என்று மாத்திரையை விழுங்கிவிட்டுப் போனேன். வெயில் ஏற ஏற உடம்பு நடுங்கியது, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேனேஜர் புனேயிலிருந்து மாற்றலாகி வந்தவர், அவருக்குத் தமிழும் தெரியாது, கன்னடமும் தெரியாது. லிஃப்ட் பக்கத்தில் அவரைப் பார்த்து, படித்ததையெல்லாம் ஒன்று கூட்டி, "சார், டுடே ஐ ஆம் நாட் ஏபிள்" என்றேன். இன்றைக்கு முடியலை சார் என்று. அவர் என் முகத்தைப் பார்த்தார். "ஓகே, ஓகே, நோ ப்ராப்ளம்" என்று தலையாட்டினார். எவ்வளவு நல்ல மனுஷர் என்று நினைத்தபடி வீட்டுக்கு வந்து கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்தேன்.

காய்ச்சல் விட்டு நான் திரும்பிப் போனபோது, அந்த நாற்காலியில் தபால் பிரிக்கும் இடத்தில் இருந்த பெண் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து "குட் மார்னிங் அக்கா" என்றாள். அவள் மேல் தப்பில்லை. என்னை ஏன் கூப்பிடவே இல்லை என்று டீச்சர்தான் விசாரித்துவிட்டு வந்தார்.

"உங்களால இந்த வேலை ஆகாதுன்னு நீங்களே சொல்லிட்டீங்களாம் அக்கா," என்றார் மெதுவாக.

நான் சொன்னதை அப்படியே அவரிடம் திரும்பச் சொன்னேன். அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். அப்புறம்தான் எனக்கு விளங்கியது. நம் ஊரில் யாராவது 'முடியலை' என்றால் கழுத்தில் கை வைத்து ஜுரமா என்று பார்ப்போம், சுடுதண்ணீர் வைத்துக் கொடுப்போம். அதே வார்த்தையைத் தூக்கி இங்கிலீஷில் போட்டால், இவள் இதற்கு லாயக்கில்லை என்று ஆகிவிடுகிறது. என் நாற்காலியை என் வாயாலேயே கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். டீ போடும் பேன்ட்ரிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அழுது முடித்ததும் கோபம் வந்தது, அப்படி ஒரு கோபம். அந்த மனுஷர் ஒரு வார்த்தை, ஏன் என்று கேட்டிருக்கக் கூடாதா?

டீச்சர் தானே போய்ப் பேசுவதாகச் சொன்னார். "வேணாம் மேடம். சொன்னது நான்தானே, நானே போய்ச் சொல்லிக்கிறேன்," என்றேன்.

மேனேஜர் அறையில் ஏ.சி. குளிர். கால் கடுத்தது, ஆனால் உட்காரச் சொல்லவில்லை, நின்றுகொண்டேதான் பேசினேன். "சார், தட் டே ஐ வாஸ் நாட் வெல். ஃபீவர். ஐ ஆம் ஏபிள் சார். ஐ கேன் டூ தட் வொர்க்." கண்ணாடி முன் வந்த வெட்கம் அப்போது எங்கே போனதென்று தெரியவில்லை. அவர் கம்ப்யூட்டரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். அன்று நான் சொன்னதை நினைத்துப் பார்க்கிறார் என்று முகத்தில் தெரிந்தது. பிறகு கேட்டார், "ஆர் யூ ஆங்ரி வித் மீ?"

தமிழாக இருந்திருந்தால் என்னிடம் பதிலுக்குப் பஞ்சமே இல்லை. 'அதெல்லாம் ஒண்ணுமில்ல சார்.' 'உங்க மேல போய் கோவப்படுவேனா சார்.' 'மனசுக்குக் கொஞ்சம் கஷ்டமா இருந்துச்சு, அவ்ளோதான்.' வாய் நீளம் என்று பெயர்தான். பெரிய மனிதர்கள் முன்னால் அந்த நீள வாய் இப்படி நழுவிப் போகத்தான் எனக்கு இத்தனை வருஷமும் உதவியிருக்கிறது. இங்கிலீஷில் நழுவுவதற்கு யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. போர்டில் எழுதிப் போட்ட அந்த ஒரு வாக்கியம்தான் என்னிடம் இருந்தது.

"எஸ் சார்," என்றேன். "ஐ ஆம் ஆங்ரி."

முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் மறுபடி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். "லெட் மீ சீ" என்றார். பார்க்கலாம் என்பதற்கு எந்தப் பாஷையிலும் ஒரே அர்த்தம்தான் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன். அந்த மேசைக்கு மதியத்துக்கு மேல் இன்னொரு ஆளும் வேண்டும் என்று முடிவாகி, அந்த இடம் எனக்குக் கிடைத்தது பிறகு நடந்தது. அன்று எனக்கு எதுவும் தெரியாது. இருக்கிற வேலையும் போய்விடுமோ என்ற பயத்தோடுதான் வீட்டுக்கு வந்தேன்.

என் வீட்டுக்காரர் ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்து, வாசல்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். அவருக்கும் பயம்தான்.

"பெரிய ஆளுங்ககிட்ட எதுக்கு இதெல்லாம்?" என்றார். "உனக்குத்தான் கோவம் வந்தா வந்த வேகத்துல போயிடுமே. சும்மனே இருந்திருந்தா அதுவா போயிருக்குமில்ல?"

"போகப் பாத்துச்சு," என்றேன். "நான்தான் விடல."