நேர் சாலையில் ஒரு கேள்வி

“ஏளா, போலாமா?” என்று என் கணவர் கேட்டார். எங்களுக்கு முன்னால் ஒரு தண்ணீர் டேங்கர் நகர்ந்துகொண்டிருந்தது. கொச்சியில் தோப்பும்படியிலிருந்து குண்டன்னூருக்குப் போகிற சாலை. அந்த இடத்தில் வளைவே கிடையாது. எதிரே முகப்பு விளக்கை எரியவிட்டபடி ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது. “வேண்டாம்” என்றேன். பஸ் எங்களைக் கடந்து போன பிறகுதான் எனக்கு உறைத்தது. நேர் சாலையில் அவர் என்னிடம் எதற்குக் கேட்கவேண்டும்?

நாங்கள் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து மட்டாஞ்சேரியில் வாழையிலை வியாபாரம் செய்கிறவர்கள். ஊரிலிருந்து வரும் இலைக்கட்டுகளைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு முதலில் போர்ட் கொச்சி ஓட்டல்கள், அப்புறம் வைட்டிலா வழியாகக் காக்கநாட்டு கேன்டீன்கள். அவர் ஓட்டுவார், இடப்பக்க இருக்கையில் நான். சாலை இடது பக்கம் வளையும்போது, முன்னால் போகிற பெரிய வண்டி வலப்பக்கம் இருக்கிற டிரைவருக்கு எதையும் காட்டாது. ஆனால் இடப்பக்கம் இருக்கிறவருக்கு அந்த வண்டியின் ஓரமாக வளைவு முழுவதும் தெரியும். அதனால் இடது வளைவுகளில் மட்டும் அவர் “போலாமா?” என்பார். நான் பார்த்துச் சொல்வேன். நான் “போலாம்” என்றாலும், வளைவு தீர்ந்து தானும் ஒருமுறை பார்த்த பிறகுதான் முந்துவார்.

முந்துகிற விஷயத்தில் அவ்வளவு கறார். பாலத்தில் முந்தமாட்டார், சந்திப்பில் முந்தமாட்டார். பின்னால் வருகிறவன் நம்மை முந்த ஆரம்பித்துவிட்டால் நாம் கிளம்பக்கூடாது என்பார். பெரிய வண்டியை ஒட்டிப் போகிறவர்களைக் கண்டால் திட்டுவார்: “அவன் முதுகையே பாத்துட்டுப் போனா ரோடு எப்படித் தெரியும்? கொஞ்சம் தள்ளி வாயேம்ல!” இந்த அக்கறையில் கால்வாசியைத் தன் சர்க்கரை வியாதியின் மேல் காட்டியிருந்தால் அவர் கண்ணுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. சாயாவுக்கு இரண்டு கரண்டி சீனி, கூடவே பழம்பொரி. டாக்டர் கண்ணைப் பரிசோதிக்கச் சொன்னபோதெல்லாம், “இலை வாடிரும், அடுத்த வாரம் பாப்போம்” என்பதுதான் பதில்.

டேங்கருக்குப் பின்னால் அவர் கேட்ட அன்றிலிருந்து நான் சாலையை விட்டுவிட்டு அவரைப் பார்க்க ஆரம்பித்தேன். வழக்கமாக நிறுத்துகிற கடையைத் தாண்டிப் போய்ப் பின்னால் எடுத்தார். போர்டைப் படிக்க வேண்டிய இடத்தில் என்னிடம் பேச்சுக்கொடுத்து என்னைப் படிக்கவைத்தார். கேட்டால் எரிந்து விழுந்தார். “எனக்கென்ன, நல்லாத்தான தெரியுது?” வண்டி நின்றால் எங்கள் பிழைப்பு நிற்கும். அதனால் மறைக்கிறார் என்று புரிந்தது. புரிந்ததும் எனக்கு முதலில் வந்தது பயமில்லை, கோபம். என்னையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டல்லவா ஓட்டுகிறார்! ஆனாலும் மனம் ஒப்பவில்லை. நானாகக் கற்பனை செய்கிறேனோ என்றும் ஒரு சந்தேகம் இருந்தது.

அதற்கு அடுத்த வாரம் அதே நேர் சாலையில் ஒரு சிமென்ட் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம். காக்கநாட்டு கேன்டீன்காரர் ஏற்கெனவே இரண்டு முறை போன் செய்துவிட்டார். பின்னால் ஒரு ஆட்டோக்காரர் தலையை நீட்டி, “சேட்டா, ஒண்ணு வேகம் போ!” என்று கத்தினார். என் கணவர் வண்டியைக் கொஞ்சம் வலப்பக்கம் ஒதுக்கி எட்டிப் பார்த்தார். பிறகு கேட்டார், “போலாமா?”

எதிரே ஒன்றும் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் சாலை காலியாகக் கிடந்தது.

“வேண்டாம், பஸ் வருது” என்றேன்.

“ஆமா, நானும் பாத்துட்டேன். செவப்பு பஸ்ஸு” என்றார்.

வண்டியை மறுபடி இடப்பக்கம் ஒதுக்கி, அந்த பஸ் கடந்து போவதற்காகக் காத்திருந்தார். ஆட்டோக்காரர் எங்களை முந்திக்கொண்டு, லாரியையும் முந்திக்கொண்டு போனார். எந்த பஸ்ஸும் எதிரே வரவில்லை என்பது அந்த ஆட்டோ போன போக்கிலேயே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கொஞ்ச தூரம் போய், இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடியைப் பார்த்து, ஒரு மரத்தடியில் நிறுத்தினார். அந்த நேரத்திலும் முறையில் ஒன்றும் குறையவில்லை. நான் அழுதுவிட்டேன். அவர் சாவியை உருவி என் மடியில் வைத்தார். எனக்கு அப்போது வண்டி ஓட்டத் தெரியாது. இலைக்கட்டுகளோடு அங்கேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம்.

இப்போது நான்தான் ஓட்டுகிறேன். அவர் குடோனில் உட்கார்ந்து, இலையைத் தடவிப் பார்த்தே கிழிசலைக் கழித்துக் கட்டுகிறார். பக்கத்து இருக்கை காலியாக இருப்பதால் இடது வளைவுகளில் நான் யாரையும் முந்துவதில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் வழியில் என்ன வண்டிகள் வந்தன என்று கேட்பார். ஒன்றுவிடாமல் சொல்கிறேன். அதில் ஒரு சிவப்பு பஸ் வந்தால் மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகிறேன்.