வாசலோடு திரும்பிப் போன கலர்ப்பொடி

மூன்று வருடம் ஆகிறது. மாசிமகம் முடிந்த இரண்டாம் நாள், லாஸ்பேட்டையில் எங்கள் வீட்டிலேயே நடந்தது. வைத்திக்குப்பம் கடற்கரைக் கூட்டத்தில் நின்று தீர்த்தவாரி பார்த்துவிட்டு வந்ததில் இரண்டு காலும் வீங்கிப்போய், ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு வீட்டில் இருந்தேன். அன்று ஹோலி. காலை நொண்டிக்கொண்டாவது வேலைக்குப் போய்த் தொலைந்திருக்கலாம்.

எங்கள் மாடியில் ஓர் உத்தரப்பிரதேசக் குடும்பம் நான்கு வருடமாகக் குடியிருந்தது. அந்த மனிதர் மரப்பட்டறையில் கார்பென்டர். தட்டுத்தடுமாறித் தமிழ் பேசுவார். அவர் மனைவிக்கு 'சாப்டீங்களா', 'தண்ணி வருது' என்ற இரண்டைத் தவிர ஒன்றும் வராது. அவர்களுடைய ஒரே பெண் குழந்தை மட்டும் தெருப் பிள்ளைகளோடு ஆடி ஆடி அசல் பாண்டிச்சேரிக்காரியாகிவிட்டது. நான் ஸ்கூட்டரை உள்ளே ஏற்றும்போதே, "அத்த, இன்னா கொழம்பு இன்னிக்கு?" என்று படியில் நின்று கேட்கும். கணவர் போய்ப் பன்னிரண்டு வருடம், பிள்ளையும் கிடையாது என்று இருந்த எனக்கு, அந்த வாண்டு கேட்பதற்காகவே தினம் ஒரு குழம்பு வைக்கத் தோன்றும்.

கார்த்திகை மழையில் அதற்குக் காய்ச்சல் வந்தது. பார்க்காத வைத்தியம் இல்லை. ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து அந்த நாலு வயதுப் பிள்ளையை அவர் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்து இறங்கினார். அதற்கு மேல் எழுத என்னால் முடியவில்லை.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். தெருவில் யார் வீட்டு விஷயமானாலும் நான்தான் நாட்டாமை. மாடி வீட்டுத் துக்கத்துக்கும் நானே காவல் என்று முடிவு செய்துகொண்டேன். பொங்கலன்று அவர்கள் படிப்பக்கம் கரும்போடு போன பையன்களைக்கூட அதட்டி விரட்டினேன். சாவு விழுந்த வீட்டில் ஒரு வருடம் நல்ல நாள் கிடையாது, அக்கம்பக்கமும் அடங்கி இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த மரியாதை அதுதான்.

ஹோலியன்று காலையிலேயே காலேஜ் பிள்ளைகள் முகமெல்லாம் பச்சையும் ஊதாவுமாக ஸ்கூட்டரில் பறந்துகொண்டிருந்தார்கள். இதுகள் இங்கே வந்து தொலைக்கப் போகிறதே என்று கேட்டைத் தாழ் போட்டுவிட்டு வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

பத்து மணி இருக்கும். ஆறேழு ஆண்களும் இரண்டு பெண்களும் வந்தார்கள். பட்டறையில் அவரோடு வேலை செய்கிறவர்கள், அவர் ஊர்ப்பக்கத்துக்காரர்கள். மேளம் இல்லை, கூச்சல் இல்லை, ஒருவர் சட்டையிலும் சாயம் இல்லை. முன்னால் நின்ற பெரியவர் கையில் ஒரு சின்னத் தட்டு, அதில் சிவப்புப் பொடி. இதையெல்லாம் அப்போதே நான் பார்த்தேன். பார்த்தும் என் மரமண்டைக்கு ஏறவில்லை.

"எங்க வரீங்க? சாவு வீடுப்பா இது. கொழந்த போயி நாலு மாசங்கூட ஆவல. அதுக்குள்ள கலரு கேக்குதா உங்களுக்கு?" என்று ஆரம்பித்துவிட்டேன்.

பெரியவர் இந்தியில் ஏதோ சொல்லி மாடியைக் காட்டினார். நான் கையை வீசி, "போங்க, போங்க" என்றேன். அவர் கும்பிட்டார். மன்னிப்புக் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். ஒரு பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெட்கப்படுகிறாள், நல்லது என்று நினைத்தேன். மத்தியானம் இன்னும் மூன்று பேர் வந்தார்கள், அவர்களுக்கும் அதே பாட்டுதான். மாடிப்படி வீட்டுக்குப் பின்பக்கம், அதனால் மேலே இருந்தவர்களுக்கு எதுவும் கேட்கவில்லை. நல்ல காரியம் செய்த திருப்தியில் ரசஞ்சோறு சாப்பிட்டுத் தூங்கினேன்.

சாயங்காலம் காய்ந்த துணியை எடுக்க மாடிக்குப் போனேன். அவர்கள் கதவு விரியத் திறந்திருந்தது. கூடத்தில் பாய் விரித்து, குடத்தில் தண்ணீரும் பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு டம்ளரும் வைத்திருந்தார்கள். குழந்தையின் அம்மா தலைக்குக் குளித்து, நைந்துபோன ஒரு வெள்ளைச் சேலையில் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னாலும் ஒரு தட்டில் சிவப்புப் பொடி.

"யாராச்சும் வராங்களாப்பா?" என்று அவள் கணவரிடம் கேட்டேன்.

"வரணும்மா. யாரும் வரல. எங்க ஊர்ல, வீட்ல ஒருத்தர் செத்தா, மொத ஹோலிக்கு எல்லாரும் வருவாங்க. நெத்தில கலர் வெப்பாங்க. அப்புறம்தான் நாங்க கலர் துணி கட்டலாம், இனிப்பு செய்யலாம். நாங்களே வெச்சுக்கக் கூடாது. போன் பண்ணிக் கூப்பிடவும் கூடாதும்மா, அவங்களா வரணும். வந்து, போதும், அழுதது போதும்னு சொல்லணும்." மனைவியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "காலைலருந்து இவ கதவ மூடல."

அடிப்பாவி, என்ன காரியம் செய்தாய் என்று என்னையே திட்டிக்கொண்டேன். நம் பக்கமும் காரியம் முடிந்ததும் தாய்மாமன் வீட்டார் வந்து தலையில் எண்ணெய் வைத்து, புதுத்துணி கொடுத்தால்தானே துக்கம் மாறும்? இதுவும் அதுதானே? வந்த அத்தனை பேரையும் நான் அல்லவா வாசலோடு துரத்தினேன்? அதைச் சொல்லிவிடத்தான் நினைத்தேன். ஊருக்கெல்லாம் நீளுகிற நாக்கு அப்போது ஒட்டிக்கொண்டது.

அந்தப் பெண் எழுந்தாள். தட்டை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் நீட்டி, நெற்றியைக் கொஞ்சம் குனிந்து காட்டினாள். அதைப் புரிந்துகொள்ள இந்தி தேவையில்லை.

என் கை தானாகப் பின்னால் போயிற்று. நான் தாலி அறுத்தவள். பன்னிரண்டு வருடமாக எந்தச் சுமங்கலிக்கும் குங்குமம் வைத்ததில்லை. கல்யாண வீடுகளில் தட்டு வரும்போது நானாகவே பின்வரிசைக்கு நகர்ந்துவிடுவேன். ஏற்கனவே ஒன்றைப் பறிகொடுத்தவள் நெற்றியில் என் கை பட வேண்டுமா?

"நான் வெக்கக் கூடாதும்மா. செத்த இரு, எதிர்வீட்டு அக்காவக் கூட்டியாறேன்" என்று சொல்லிவிட்டு வீங்கிய காலோடு படியிறங்கி ஓடினேன்.

எதிர்வீட்டு அக்கா குளித்துக்கொண்டிருந்தார். அவர் வந்து சேலை மாற்றி, விஷயத்தைக் கேட்டுக் கிளம்ப அரை மணி ஆகிவிட்டது. நாங்கள் மேலே போனபோது கதவு சாத்தியிருந்தது. தட்டியதும் அந்தப் பெண்ணின் கணவர் திறந்தார். பாயைச் சுருட்டி வைத்திருந்தார்கள்.

"வெளக்கு வெச்சாச்சும்மா. இனிமே கலர் வெக்க மாட்டாங்க. பரவால்ல" என்றார். அந்தப் பெண் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். பிள்ளையைப் பறிகொடுத்தவளைத் தொடப் பயந்து நான் ஓடிவிட்டேன் என்றுதான் அவள் நினைத்திருப்பாள். வேறு எப்படி நினைப்பாள்?

ஒரு வாரம் கழித்து மனதைத் திடப்படுத்திக்கொண்டு, அவர் ஆட்களை விரட்டியது நான்தான் என்று அவரிடம் சொன்னேன்.

"தெரியும்மா. மறுநாளே பட்டறைல சொன்னாங்க. நாங்களே வேணாம்னு சொல்லி உங்கள நிக்க வெச்சோம்னு நெனச்சுட்டாங்க. நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க" என்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

சித்திரையில் வீட்டைக் காலி செய்துகொண்டு ஊருக்கே போய்விட்டார்கள். ஆட்டோ ஏறுமுன் அந்தப் பெண் குனிந்து என் காலைத் தொட்டாள். நிமிர்ந்தபோது நெற்றி வெறுமையாகத்தான் இருந்தது. அப்போதும் என் கை நீளவில்லை.

நான் புருஷனை இழந்தவள் என்று நான்கு வருடமாகத் தெரிந்துதான் அவள் என்னிடம் நெற்றியைக் காட்டி நின்றாள். அவளுக்கு அது ஒரு பொருட்டாகவே படவில்லை, எனக்கு மட்டும்தான் பட்டது என்பதை நினைக்கும்போதெல்லாம், அன்று பின்னால் இழுத்துக்கொண்ட இந்தக் கையைப் பார்க்கவே எனக்குக் கூசுகிறது.