ஆமை குளித்த நீல பேசின்

இன்று காக்ஸ் டவுன் பஸ்ஸில், பக்கத்தில் இருந்த கால்நடை மருத்துவ மாணவியிடம் நான் ஆமை வளர்த்த வீர வரலாற்றை அளந்தேன்.

அவள் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "ஏரி ஆமை வயித்துல சால்மோனெல்லான்னு பாக்டீரியா இருக்கும் அங்கிள். ஆமைக்கு ஒண்ணும் ஆகாது. அது பட்ட பாத்திரத்துல சாப்பிட்டா நமக்குத்தான் பேதி."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

தொண்ணூறுகளில் ஓர் ஈஸ்டர். என் ஆமையை ராஜமரியாதையோடு அண்ணியின் நீல பேசினில் குளிப்பாட்டி, பேருக்கு அலசி வைத்தேன். அதில்தான் அண்ணி முட்டையும் உருளைக்கிழங்கும் போட்டு சாலட் பிசைந்தார். அந்த ருசிக்குத் தேவதூதர்களே தட்டோடு இறங்கியிருப்பார்கள்! மறுநாள் எங்கள் கக்கூஸ் வரிசை பக்கத்துப் பேட்டையான ஜீவனஹள்ளி வரை நீண்டது.

"முட்டை கெட்டுப்போச்சு அண்ணி" என்று தீர்ப்பளித்தவனும் நானே. அன்றோடு அண்ணி சாலட்டை விட்டுவிட்டார். ஒவ்வொரு ஈஸ்டருக்கும் என் நாக்கு அதைத் தேடும்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் அண்ணிக்குப் போன் போட்டு உண்மையைச் சொன்னேன்.

"இத்தனை வருஷம் என் கைமேல பழியா? இந்த ஈஸ்டருக்கு சாலட் உண்டு, கொழுந்தனாரே. அந்த நீல பேசினும் பத்திரமா இருக்கு. மொதல் தட்டு உனக்குத்தான்."

நான் போகத்தான் போகிறேன். துணைக்கு வரும் தியாகிகள் கீழே கமெண்டில் பெயர் கொடுக்கவும்.