கூலிக்கு வந்த நாலாவது ஆள்

எங்கள் குழுவில் நாங்கள் மூன்று பேரும் பள்ளித் தோழர்கள். செல்போனில் ஆடும் துப்பாக்கி விளையாட்டுக்கு நாலு பேர் வேண்டும் என்பதால், போட்டி நாட்களில் மட்டும் ஒருவரைக் கூலிக்குச் சேர்த்துக்கொள்வோம். திருச்செங்கோட்டுக்காரர், போர்வெல் போடும் ரிக் வண்டியில் வேலை. யார் கூப்பிட்டாலும் போய் ஆடுகிறவர்தானே என்ற இளக்காரத்தில், எங்கள் திட்டங்களை அவரிடம் சொன்னதே இல்லை.

ஒரு போட்டியின் கடைசிச் சுற்றில் நான் அடிபட்டு விழுந்தேன். கூட்டாளி ஒருவர் வந்து தூக்கிவிட்டால்தான் மறுபடி ஆட முடியும். தோழர்கள் இருவரும் ஜெயிக்கிற அவசரத்தில் ஓடிவிட்டார்கள். அவர்தான் திரும்பி வந்து என்னைத் தூக்கிவிட்டார். அதில் அவரே சுடப்பட்டு வெளியேறினார்.

நன்றி சொல்ல ஒருநாள் நேரில் போனேன். அவர் புருவமெல்லாம் கல்தூசி. போனைத் தொடுவதற்கு முன் இரண்டு கட்டைவிரல்களையும் சட்டையில் அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

“எந்த ஆட்டமுங்க?” என்றார். அவருக்கு நினைவே இல்லை. நான் விளக்கியதும் சிரித்தார்.

“ரிக்குல யாரு தோட்டத்துக்குக் கூப்பிட்டாலும் போவமுங்க. ஆனா குழி பாதியில நிக்கறப்ப உட்டுட்டு வரமாட்டமுங்க. அந்தப் பழக்கந்தானுங்க.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் எதிரணியில் இருந்தார். என்னைச் சுட்டவரும் அவர்தான். விழுந்து கிடந்த என்னிடம் எங்கள் ஆட்கள் யாரும் திரும்பி வரவில்லை. ஆனாலும் அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இன்றைக்கு அந்தப் பக்கம் யார் விழுந்தாலும் தூக்கிவிட ஓர் ஆள் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.