வளைவில் விட்டுப்போன பாதை

எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அவருக்கு ஐம்பதை நெருங்கும் வயது. நான் நாற்பதைத் தாண்டியவள். அவருடைய முதல் மனைவி இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன; ஒரே மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். எனக்கும் இது இரண்டாவது கல்யாணம்தான். முதலாவது ஒரு வருடத்துக்குள் முடிந்துபோனது. அதன்பிறகு சிவகிரியில் அண்ணன் வீட்டு மாடியில் தனியாக இருந்து பழகிவிட்டேன். மதினிதான் விடாமல் பேசிப் பேசி இந்தக் கல்யாணத்தை முடித்துவைத்தார்.

தென்காசியில் அவருக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. நான் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீசியன். இரண்டு பேருமே அதிகம் பேசாதவர்கள். "குழம்பு ஊத்தட்டுமா?", "போதும்" என்பதோடு ராத்திரிச் சாப்பாடு முடிந்துவிடும். சண்டை இல்லை, முகம் திருப்பல் இல்லை. ஆனால் தூரப் பயணத்தில் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டு கிடைத்த இரண்டு பேர் எப்படி இருப்பார்களோ, அப்படித்தான் இருந்தோம்.

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் குற்றாலம் போகலாம் என்றார். போனால், மலையில் பெய்த மழைக்கு மெயின் அருவி பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டிச் செம்மண் நிறத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. போலீஸ்காரர்கள் விசில் ஊதி யாரையும் கிட்ட விடவில்லை. ஐந்தருவியிலும் அதே நிலைமை. தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்த ஜனங்கள் துண்டைத் தோளில் போட்டபடி தூர நின்று அருவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வீட்டுக்குப் போயிரலாமா?" என்றேன்.

அவர் பைக் சாவியைக் கையில் உருட்டினார். "வேற ஒரு இடம் இருக்கு. அங்கன பாக்கதுக்குன்னு ஒண்ணும் கிடையாது. வாரீங்களா?"

பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத இடத்துக்கு இதுவரை யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. சரி என்று ஏறிக்கொண்டேன்.

செங்கோட்டையைத் தாண்டி, மலை கிட்டத்தில் வரும் இடத்தில் ஒரு டீக்கடை. பைக்கை அங்கே நிறுத்திவிட்டுத் தென்னந்தோப்புக்குள் நடந்தோம். தோப்பு முடியும் இடத்தில் மேடாக ஒரு பாதை. இரண்டு பக்கமும் புதர். நடுவில் கரிபிடித்த ஜல்லி. "இதான்" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

அப்போதுதான் அவர் பேச ஆரம்பித்தார். முன்பு இந்தப் பக்கம் ஓடியது மீட்டர் கேஜ் ரயில், அதாவது குறுகலான பழைய தண்டவாளம். அதை அகலப் பாதையாக மாற்றியபோது, இந்த இடத்தில் இருந்த பெரிய வளைவை விட்டுவிட்டு நேராகப் புதுப்பாதை போட்டுவிட்டார்கள். வளைவு மட்டும் கேட்பாரில்லாமல் கிடக்கிறது. சின்ன வயதில் புனலூர்ப் பக்கம் இருந்த பெரியம்மா வீட்டுக்கு இந்த வழியாகத்தான் போவாராம். இழுத்துக்கொண்டு போவது நீராவி எஞ்சின். வளைவில் திரும்பும்போது சன்னலில் எட்டிப் பார்த்தால் முன்னால் போகும் எஞ்சின் முழுசாகத் தெரியும். கண்ணில் கரித்தூள் விழும். அம்மாவிடம் அடியும் விழும்.

இவ்வளவு வார்த்தைகள் அவரிடம் இருந்தது எனக்கு அன்றுதான் தெரியும். காலால் மண்ணைத் தள்ளி ஒரு துருப்பிடித்த ஆணியை எடுத்துக் காட்டினார். ஓரிடத்தில் தண்டவாளத்தையே எடுக்காமல் விட்டிருந்தார்கள். இரண்டு கம்பிக்கும் நடுவே ஒரு வேப்பமரம் என் இடுப்பு கனத்துக்கு வளர்ந்து நின்றது. அவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து போட்டோ எடுத்தார். நான் செருப்பில் ஏறிய முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாலும், வந்தது நல்லதுதான் என்று தோன்றியது.

கொஞ்ச தூரத்தில் பாதை நின்றுபோனது. குறுக்கே ஒரு ஓடை. மேலே இரண்டு இரும்பு உத்தரங்கள் மட்டும் அக்கரைக்குப் போயின. தண்டவாளத்தைத் தாங்கிய கட்டைகள் எல்லாம் எப்போதோ போய்விட்டன. கீழே தண்ணீர் பாறையில் மோதிக்கொண்டு ஓடியது.

"அந்தப் பக்கம் என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

"ஸ்டேஷன் இருந்துச்சு. திரும்பிருவோம்."

சட்டென்று அப்படிச் சொன்னதும் நான் அவரைப் பார்த்தேன். விளிம்பிலிருந்து நன்றாகவே பின்னால் தள்ளி நின்றார். நெற்றியெல்லாம் வேர்வை. ஆஸ்பத்திரியில் ஊசியைப் பார்த்ததும் வெளிறும் முகங்களை நான் தினம் பார்ப்பவள். அங்கிருந்த கல்லில் உட்கார்ந்தேன். அவரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஆலங்குளம் பக்கம் ஒரு கெணத்துல மோட்டார் இறக்கப் போயிருந்தேன்" என்றார். "கயிறு நழுவிட்டு. பாதியில பைப்பப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டுக் கெடந்தேன். மேல இழுத்துப் போட்டுட்டாங்க, அடி ஒண்ணும் இல்ல. ஆனா அதுல இருந்து, கீழ பள்ளமா இருந்தா கால் ரெண்டும் துவண்டு போவுது. கெணத்து வேலைக்கு இப்ப கடைப் பயலுவளத்தான் அனுப்புதேன். யார்ட்டயும் சொன்னதில்ல."

"மகள்ட்டகூடயா?"

"அவளுக்கு அப்பான்னா தைரியசாலி."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. "நான் மொதல்ல உங்களப் பாக்க வந்தன்னிக்கு, பயத்துல ரெண்டு தடவை வாந்தி எடுத்தேன்" என்றேன். அதை நானும் யாரிடமும் சொன்னதில்லை.

அந்த நேரம் பின்னாலிருந்து ஒரு பெண் தலையில் புல்லுக்கட்டோடு வந்தார். என் வயதுதான் இருக்கும். எங்களைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"ரயில்வேல இருந்து அளக்க வந்தியளா?"

"இல்லம்மா, சும்மா பாக்கலாம்னு வந்தோம்" என்றார் இவர்.

"சும்மாவா? இதயா?" புல்லுக்கட்டு ஆடும்படி சிரித்தார். "அந்தப் பக்கம் போணும்னா பாலத்துல ஏறாதீங்க. கீழ வழி இருக்கு. வெள்ளம் முட்டளவுதான்."

"வெள்ளமா?" என்று நான் பதறி எழுந்தேன்.

"தண்ணியச் சொல்லுதேன்" என்றார் அந்தப் பெண். "எங்க வீட்டுல அப்படித்தான் சொல்லுவோம். எங்க அம்மைக்குப் புனலூரு." மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர் என்பது எனக்கு அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

அந்தப் பெண் முன்னால் போக, நாங்கள் சரிவில் இறங்கினோம். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் கால் வைத்தேன். ஐஸ் மாதிரி இருந்தது. நடு ஓடையில் இழுப்பு அதிகம்; பாசியில் என் கால் வழுக்கியது. விழப்போனவளை இவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"பாத்து வா, இந்தக் கல்லுல கால வை" என்றார்.

அதுவரை என்னைக் கடைக்கு வரும் கஸ்டமர் மாதிரி வாங்க, போங்க என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். சொன்னது அவருக்கே உறைக்கவில்லை போலிருக்கிறது. கரை ஏறும்வரை கையை விடவுமில்லை.

அக்கரையில் கல் பதித்த ஒரு நீளமான பிளாட்பாரம். கூரையில்லாத ஓர் அறைக்குள் பப்பாளி மரம். பிளாட்பாரத்தின் கோடியில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு இரும்புத் தூண். அதன் உச்சியிலிருந்து வளைந்த குழாய் ஒன்று யானைத் தும்பிக்கை போலத் தொங்கியது. அதைக் கண்டதும் அவர் ஓடினார். உண்மையாகவே ஓடினார்.

"இந்தா நிக்கி பாரு! எஞ்சினுக்குத் தண்ணி ஊத்துறது. இந்தக் கைய அப்படியே தண்டவாளத்துப் பக்கம் திருப்புவாங்க. தண்ணி கொட்டுற சத்தம் கேட்டா, நாங்க எல்லாரும் இறங்கி வேடிக்கை பாப்போம்."

குழாய் திரும்புமா என்று இரண்டு பேரும் சேர்ந்து தள்ளிப் பார்த்தோம். அசையவில்லை, கை முழுக்கத் துரு. புல்லுக்கட்டுப் பெண் சற்று நேரம் எங்களைப் பார்த்துவிட்டு, "பையப் பையப் பாத்துட்டு வாங்க. போறப்போ மழ வந்தா எங்க வீடு அன்னா தெரியுது" என்று கையைக் காட்டிச் சொல்லிவிட்டுப் போனார். அவருடைய பிள்ளைகள் பிளாட்பாரத்துக்கு அப்பால் தொடரும் மேட்டுப் பாதையில்தான் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறார்களாம். அதனால்தான், அளந்து வேலி போட்டுவிடுவோமோ என்று பயந்திருக்கிறார்.

பிளாட்பாரத்து விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, அருவியில் குளித்துவிட்டுச் சாப்பிடக் கொண்டுவந்த எலுமிச்சைச் சோற்றைச் சாப்பிட்டோம். வயல்களுக்கு அப்பால் புதுப்பாதையில் கொல்லம் பக்கம் ஒரு ரயில் போனது. அவர் எழுந்து நின்று கை காட்டினார். அவ்வளவு தூரத்தில் எங்களை யார் பார்த்திருக்கப்போகிறார்கள்! ஆனாலும் நானும் எழுந்து காட்டினேன்.

திரும்பும் வழியில், அவருடைய முதல் மனைவியைப் பற்றி மனதில் உறுத்திக்கொண்டிருந்ததைக் கேட்டேவிட்டேன். "அவங்களயும் இங்க கூட்டிட்டு வந்திருக்கீங்களா?"

அவர் தயங்கவில்லை. "கூப்பிட்டிருக்கேன். அவளுக்கு நடக்கதே பிடிக்காது. அருவிதான் பிடிக்கும். மணிக்கணக்கா நிப்பா." கொஞ்சம் நடந்த பிறகு, "அவளப் பத்திப் பேசுனா உனக்குக் கஷ்டமா இருக்கும்னு நெனச்சேன்" என்றார்.

"பேசாம இருந்ததுதான் கஷ்டமா இருந்துச்சு" என்றேன்.

அதன்பிறகு எங்கள் சாப்பாட்டு நேரம் நீண்டுவிட்டது. அவர் முதல் மனைவி அருவியில் வளையலைத் தொலைத்த கதை, என் அண்ணன் மாடியில் நான் வளர்த்த புறாக்களின் கதை என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும். மழை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பாதைக்குப் போனோம். வளைவு முடிந்து புதுப்பாதையோடு சேரும் இடம்வரைக்கும் ஒருநாள் நடந்து பார்த்துவிட்டோம்.

தீபாவளிக்கு மகள் வந்தாள். என்னை என்னவென்று கூப்பிடுவது என்று தெரியாமல், எதுவும் சொல்லாமலே பேசிக்கொண்டிருந்தாள். அவளையும் அழைத்துக்கொண்டு போனோம். பாலத்தருகே வந்ததும் அவள் உத்தரத்தின் மேல் கால் வைத்தாள். "ஏட்டி, இறங்கு!" என்று இவர் போட்ட சத்தத்தில் கொக்குகள் பறந்தன. அப்புறம் அவளிடமும் கிணற்றுக் கதையைச் சொல்ல வேண்டியதாயிற்று.

"இத்தன நாளா என்ட்ட ஏன்ப்பா சொல்லல?" என்று அவள் அழுதாள். அழுதுகொண்டே என் பக்கம் திரும்பி, "சித்தி, இவர இனிமே ஏணியிலகூட ஏற விடாதீங்க" என்றாள். நான் தலையாட்டினேன்.

நீராவி எஞ்சின் ஓடி நான் பார்த்ததே இல்லை என்று அன்றைக்குப் பேச்சு வந்தது. மகள்தான் போனை நோண்டி, மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறும் பழைய நீராவி ரயிலில் மூன்று பேருக்கும் டிக்கெட் கிடைக்குமா என்று பார்க்கத் தொடங்கினாள். பல தடவை தவறிப்போய், இப்போது மே மாதத்துக்குக் கிடைத்திருக்கிறது. மகள் கோவையிலிருந்தே வந்து சேர்ந்துகொள்வாள். பாலங்கள் வரும்போது கண்ணை மூடிக்கொள்வதாக இவர் சொல்லியிருக்கிறார். நான் மூன்று பேருக்கும் ஸ்வெட்டர் வாங்கிவிட்டேன்.