பெருச்சாளிக்குப் போட்ட சாம்பிராணி

யுத்தம் இன்னும் முடியாத சமயம். பம்பாயில் அரிசிக்கு ரேஷன் வந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. தாராவிக்கும் சயானுக்கும் நடுவில், ரயில் பாதையிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு சேட்டுக்குச் சொந்தமான குடோன் இருந்தது. ரேஷன் கடைகளுக்குப் போகிற அரிசி மூட்டைகள் அங்கே வந்து தங்கிப் போகும். அங்கே நான் கிளார்க். வயது இருபத்துமூன்று.

அந்த நாட்களை நினைத்தால் முதலில் ஞாபகத்துக்கு வருவது அலுப்புதான். மாட்டுங்காவில் ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கை. இரண்டு வேளை மெஸ் சாப்பாடு, அதுவும் அளந்து போட்ட சோறு. விடிந்ததும் குடோனுக்கு வந்தால் சாயங்காலம் ஆறு மணி வரை லாரி வந்துகொண்டே இருக்கும். மழைக்குத் தண்ணீர் உள்ளே ஏறிவிடும் என்று ஒரு மூலையில் முழ உயரத்துக்குப் பலகை அடித்து, அதன்மேல் என் மேஜையைப் போட்டிருந்தார்கள். நாள் முழுவதும் அதில் உட்கார்ந்து மூட்டைக் கணக்கு எழுதி எழுதி, கனவில்கூட மூட்டைதான் வரும்.

ஒரு புதன்கிழமை சேட்டின் மேனேஜர் திடீரென்று சரக்கைச் சோதிக்க வந்தார். அடுக்கைப் பிரித்துப் பார்த்தால் அடி வரிசை மூட்டைகள் தொளதொளவென்று கிடந்தன. மூலைகள் கிழிந்திருந்தன. மேனேஜர் நேரே காவல்காரரைக் கூப்பிட்டார்.

காவல்காரர் திருநெல்வேலிப் பக்கத்து மனிதர், தாராவியில் குடியிருந்தார். என்னைவிட நாலைந்து வயது பெரியவர் இருப்பார். ராத்திரி முழுவதும் குடோனில் இருப்பவர் அவர் ஒருவர்தான். அது போதுமானதாக இருந்தது மேனேஜருக்கு. இது எலி வேலையாக இருக்கலாம் என்று நான் மெல்ல இழுத்தேன். "சூஹா இத்னா காத்தா ஹை க்யா?" என்றார். எலி இவ்வளவு தின்னுமா என்று கேட்டுவிட்டு, என் முகத்தைக்கூடப் பார்க்காமல் தொடர்ந்தார். சனிக்கிழமை மத்தியானம் வரை தவணை. அதற்குள் அரிசி எங்கே போனது என்று தெரியாவிட்டால் காவல்காரரைப் போலீஸ் சௌக்கியில் ஒப்படைப்பதாகச் சொன்னார். ரேஷன் அரிசியைத் திருடினான் என்று உள்ளே போனவன் அந்தக் காலத்தில் லேசில் வெளியே வர முடியாது. காவல்காரர் தலைப்பாகையை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அன்று சாயங்காலமே அவர் மனைவி வந்தாள். பகலெல்லாம் தாராவியில் ஒரு தோல் கிடங்கில் தோலை உதறி உப்பைத் தட்டுகிற வேலை அவளுக்கு. உப்பு அரித்து விரல்களெல்லாம் வெடித்துப் போயிருந்தன. அழுதுகொண்டு காலில் விழப்போகிறாள் என்று நினைத்து நான் எழுந்து நின்றேன். அவள் என்னைக் கவனிக்கவே இல்லை. சுவர் ஓரமாகக் குனிந்தபடியே குடோனை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். சுவரின் அடியில் விரற்கடை அகலத்துக்கு எண்ணெய் தேய்த்ததுபோல் ஒரு கறுப்புத் தடம் ஓடியது. எத்தனை மாதம் அதைப் பார்த்திருக்கிறேன், அழுக்கு என்று நினைத்திருந்தேன்.

"பெருச்சாளி போற பாதை சாமி இது. உள்ளேயே வளை இருக்கு. தின்னது போக மிச்சத்த வளைக்குள்ளதான் சேத்து வச்சிருக்கும்" என்றாள்.

அவளுடைய வீட்டார் ஊரில் நெல் வயலில் கண்ணி வைத்து எலி பிடிக்கிறவர்கள். வளையைத் தோண்டி, எலி சேர்த்து வைத்த நெல்லையும் எடுப்பார்களாம். ஆனால் இங்கே தரை முழுவதும் கல் பாவியிருந்தது. எந்தக் கல்லைப் பெயர்ப்பது? அதற்கும் அவளிடம் வழி இருந்தது. ஒரு பெருச்சாளியை உயிரோடு பிடித்து, காலில் நூலைக் கட்டி விட்டுவிட வேண்டும். அது பயந்து ஓடி வளைக்குள் புகுந்துகொள்ளும். நூல் போகிற இடத்தில் தோண்டினால் போதும்.

மறுநாள் பெட்டி கட்டுகிற மெல்லிய கம்பியும் மூங்கில் சிம்புகளும் கொண்டு வந்தாள். கம்பியைச் சுருக்காக முறுக்கி, வளைத்த சிம்பில் மாட்டி, அந்தத் தடத்தின் மேல் பத்துப் பன்னிரண்டு இடத்தில் நட்டு வைத்தாள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு சிட்டிகை அரிசி. ஆனால் சுருக்கை விரிக்கவில்லை. முதல் ராத்திரி சும்மா வந்து தின்று பழகட்டும் என்றாள். உள்ளே யாரும் நடமாடக் கூடாது, கூட்டக் கூடாது, கண்ணியைத் தொடவே கூடாது என்று எங்களுக்கெல்லாம் கட்டளை போட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. மேனேஜர்கூட என்னை அப்படி மிரட்டியதில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் பார்த்தால் ஓர் இடத்திலும் ஒரு அரிசி இல்லை. சுத்தமாகத் துடைத்து வைத்தாற்போல் இருந்தது. காவல்காரர் இரண்டு நாளைக்குப் பிறகு முதல்முறையாக ஒரு டம்ளர் டீ குடித்தார். சாயங்காலம் அவள் வந்து சுருக்குகளை விரித்து வைத்தாள். காலையில் எப்படியும் ஒன்று கிடக்கும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இப்போது நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் குடோனைப் பூட்டுவதற்கு முன் தராசுக்கும் கல்லாவுக்கும் சாம்பிராணி காட்டுவது என் வழக்கம். யாரும் சொல்லிச் செய்ததில்லை, வீட்டுப் பழக்கம். அன்றைக்கு அந்த மனிதர் முகத்தைப் பார்த்துப் பார்த்து என் மனசு கேட்கவில்லை. அவர் பிழைத்துப் போக வேண்டும் என்று மனமார வேண்டிக்கொண்டு, தணலில் இன்னும் இரண்டு பிடி சாம்பிராணியை அள்ளிப் போட்டேன். குடோன் முழுவதும் சுற்றினேன். ஒவ்வொரு கண்ணிக்கு முன்னாலும் நின்று நிதானமாகக் காட்டினேன். சுவர் இடுக்குகளில் புகையை விசிறிவிட்டேன். கண்ணியைத் தொடவில்லை. அவ்வளவு ஜாக்கிரதை நான். ஏதோ புண்ணியம் செய்த நிறைவோடு மாட்டுங்காவுக்கு நடந்து போய் நன்றாகத் தூங்கினேன்.

சனிக்கிழமை காலை, காவல்காரர் முகம் கழுவக் குழாயடிக்குப் போயிருந்த நேரம், நான் கதவைத் திறந்ததும் அவள் உள்ளே ஓரடி வைத்தாள், நின்றுவிட்டாள். கண்ணிகளை அவள் பார்க்கக்கூட இல்லை. மூக்கை உறிஞ்சிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"சாம்பிராணி போட்டீகளா சாமி?"

தலையை ஆட்டினேன்.

"ஊர்ல வளைக்குள்ள இருக்கிற எலிய வெளிய வெரட்டத்தான் பொகை போடுவோம். பொகை வந்தா பின்னாலயே மம்பட்டி வரும்னு அதுக்குத் தெரியும். இனி அந்த வாடை போற வரைக்கும் இந்தப் பக்கம் எட்டிப் பாக்காது."

அவ்வளவுதான் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. ஒரு மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணிகள் எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. அரிசியும் அப்படியே கிடந்தது.

மத்தியானம் மேனேஜர் வந்தார். என்ன பிடிபட்டது என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். அப்புறம் ஒரு வாக்கியம், ஒரே ஒரு வாக்கியம் நான் சொல்லியிருக்க வேண்டும். நான்தான் புகை போட்டுக் கெடுத்தேன், இன்னும் இரண்டு நாள் கொடுங்கள் என்று. நாக்கு நுனி வரை வந்தது. இந்த வேலை போனால் பாலக்காட்டில் வீட்டார் எதிர்பார்த்திருக்கிற மணியார்டர் நின்றுபோகும் என்று ஒரு நினைப்பு. மெஸ்ஸில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள் என்று இன்னொரு நினைப்பு. உண்மையைச் சொன்னால் இரண்டாவதுதான் பெரிதாக இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அவள் ஒருமுறை என்னைப் பார்த்தாள். சொல்லிவிடுவாள் என்று எனக்கு வியர்த்தது. அவளும் சொல்லவில்லை. சாவியை வைத்திருப்பவன் நான். என்னைப் பகைத்துக்கொண்டு அவளால் அந்தக் குடோனுக்குள் நுழைய முடியாது. இது பிறகுதான் எனக்கு உறைத்தது.

காவல்காரரைச் சௌக்கிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் மனைவியிடம் வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நடந்தார்.

எல்லோரும் போனபிறகு அவள் என்னிடம் வந்தாள். "நாளைக்குத் தெறந்து விடுவீகளா சாமி? வாடைய எடுக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் திறந்தேன். சுவர் அடியெல்லாம் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவி, வெளியே பெருச்சாளி நடமாடுகிற சாக்கடை ஓரத்துச் சகதியை அள்ளி வந்து அந்தத் தடம் முழுவதும் பூச வேண்டும். அவள் ஒருத்தியே செய்தால் இரண்டு நாள் ஆகும். நான் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். மழை நின்று புழுங்கிக்கொண்டிருந்தது. அந்த நாற்றத்தில் எனக்கு இரண்டு முறை குமட்டியது. நாலு மணி வரை நாங்கள் இரண்டு பேரும் முட்டி போட்டு நகர்ந்துகொண்டே இருந்தோம். பக்கத்தில் குடியிருந்த கூலிக்காரர்கள் இரண்டு பேர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவள் கொண்டு வந்திருந்த கம்பங்கூழில் பாதியை எனக்கு ஊற்றினாள். நான் யார் வீட்டிலும் கை நனைக்காதவன். வாங்கிக் குடித்தேன். முதுகு நிமிரவில்லை. ஆனால் அந்த வலி போதாது என்று இருந்தது எனக்கு. சௌக்கியில் அந்த மனிதருக்கு இது இரண்டாவது நாள்.

சாயங்காலம் சுருக்குகளைத் திரும்ப விரித்தாள். திங்கட்கிழமை காலை கதவைத் திறக்கும்போதே உள்ளே உர்ரென்று சத்தம் கேட்டது. பூனைக்குட்டி அளவு பெருச்சாளி ஒன்று மயிர் சிலிர்த்துக்கொண்டு, இடுப்பில் சுருக்கோடு சீறிக்கொண்டிருந்தது. அவள் கோணியைப் போட்டு அமுக்கி, சாக்கு தைக்கிற சணலைப் பின்னங்காலில் கட்டி, கம்பியை அவிழ்த்துவிட்டாள். சணல் உருண்டை தரையில் குதித்துக் குதித்து அவிழ்ந்தது. சணல் சுவர் ஓரமாகவே ஓடி மூலையில் திரும்பி, என் மேஜை இருந்த பலகைக்கு அடியில் போய் நின்றது.

கூலிக்காரர்கள் பலகையைப் பெயர்த்தார்கள். அதற்கடியில் மட்டும் கல் பாவவில்லை. வெறும் மண், ஏழெட்டு வளைகள். முதல் வளையைத் தோண்டியதுமே அரிசி சரிந்து விழுந்தது. ஒரு கூடை நிறைந்து இன்னொரு கூடையும் நிறைந்தது. கோணி நார், குட்டிகள், அரிசி, மறுபடி அரிசி. அதன்மேல் உட்கார்ந்துகொண்டுதான் நான் மாதக்கணக்கில் அரிசிக் கணக்கு எழுதியிருக்கிறேன்.

அவள் ஒரு கை அள்ளி மோந்து பார்த்தாள். அது ரேஷன் அரிசிக்கு வீட்டில் அல்லாடுகிற காலம். ஊரில் வளையில் கிடைப்பது தோண்டினவர்களுக்குத்தான் சொந்தம் என்று முன்பு சொல்லியிருந்தாள். அதையும் திரும்பக் கூடைக்குள்ளேயே போட்டாள். மேனேஜர் வந்து பார்க்கிற வரை கூடையை விட்டு நகராமல் நின்றாள்.

மேனேஜர் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். வருத்தம் என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. ஆனால் மத்தியானத்துக்குள் சௌக்கிக்கு ஆள் போயிற்று.

காவல்காரர் திரும்பி வந்தபோது இடது கன்னம் வீங்கியிருந்தது. ஒரு காலை இழுத்து நடந்தார். நேரே என்னிடம் வந்து, நான் தடுப்பதற்குள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"லீவு நாளுன்னும் பாக்காம எனக்காகச் சகதியில கெடந்தீகளாம். கூலிக்காரவுக சொன்னாக. கூடப் பொறந்தவன்கூட இப்படிச் செய்ய மாட்டான் அய்யா" என்றார். கண்ணில் நீர் தளும்பியது.

நான் அவள் பக்கம் பார்த்தேன். அவள் கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே, "நேரமாச்சு, வீட்டுக்கு வாங்க" என்று புருஷனிடம் சொன்னாள்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷத்துக்குக் கொஞ்சம் கூடவே அவர் அங்கே வேலை பார்த்தார். ஒவ்வொரு நாள் காலையிலும் நான் வரும்போது எழுந்து நின்று வணக்கம் சொல்வார். அந்தக் கால் சரியாகவே இல்லை, எழுந்திருக்கச் சுவரைப் பிடித்துக்கொள்வார். உட்காருங்கள் என்று சொன்னால் கேட்க மாட்டார். சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ நாள் மாட்டுங்காவிலிருந்து நினைத்துக்கொண்டே நடந்து வந்திருக்கிறேன். அவர் சுவரைப் பிடித்து எழுவதைப் பார்த்ததும் வாய் அடைத்துப் போகும். அவள் அவரிடம் கடைசி வரை சொல்லவில்லை என்பது அந்த வணக்கத்திலேயே தெரிந்தது. பிறகு அவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

செம்பூரில் மகன் வீட்டில் இருக்கிறேன் இப்போது. வயதாகிவிட்டது, நிறைய மறந்துவிட்டது. அன்றைக்கு உண்மையைச் சொல்லித் திட்டு வாங்கியிருந்தால் அதையும் எப்போதோ மறந்திருப்பேன். அவரிடம் நன்றியை வாங்கிக்கொண்டேனே, அது மட்டும் இன்று வரைக்கும் மனசை விட்டு இறங்கவே இல்லை.