பஸ் கம்பெனியில் ஒரு லிஃப்ட்

என் மனைவிக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு பதில் வரும். என் மாமியார் "டீச்சர் மாதிரி" என்பார். என் தங்கை, "அண்ணி பெரிய பெரிய ஆபீசருக்கெல்லாம் புத்தி சொல்றாங்க, வீட்ல அண்ணனுக்கு மட்டும் ஏற மாட்டேங்குது" என்பாள். நான் வாயைத் திறப்பதில்லை. அவளுடைய சார்ட்டுகளையும் ஸ்கெட்ச் பேனாக்களையும் தூக்கிக்கொண்டு போய், புரொஜெக்டரை மாட்டிவிட்டுக் கடைசி வரிசையில் உட்காருகிறவன் நான். சம்பளம் கிடையாது, திட்டு உண்டு.

அவள் செய்வது கம்பெனிகளுக்குப் பயிற்சி வகுப்பு தயாரிப்பது. மேனேஜர் தனக்குக் கீழே இருப்பவர்களிடம் எப்படிப் பேசுவது, ஒரு குழு அடித்துக்கொள்ளாமல் எப்படி வேலை பார்ப்பது, இந்த மாதிரி. ரெடிமேடாக ஒரு பாடத்தை வைத்துக்கொண்டு, தலைப்பில் கம்பெனி பெயரை மட்டும் மாற்றி, போகிற இடமெல்லாம் ஒப்பிக்கிறவர்கள் நிறையப் பேர் உண்டு. அவர்களைக் கண்டாலே இவளுக்கு ஆகாது. இவள் முதலில் அந்த ஆபீசில் ஒரு மூலையில் நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருப்பாள். பிறகு ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவாள். அங்கே நடந்ததையே ஆளை மாற்றி, இடத்தை மாற்றி, ஒரு சின்ன நாடகமாக எழுதி அவர்களையே நடிக்கச் சொல்வாள். மேனேஜரும் கூட உட்கார்ந்தே ஆக வேண்டும், அது அவள் கண்டிஷன்.

லிஃப்ட் பராமரிக்கிற கம்பெனி ஒன்று அவளைக் கூப்பிட்டது. எங்காவது லிஃப்ட் நின்றுபோனால் போனை எடுக்கச் சில பெண்கள், ஓடிப்போய்ச் சரிசெய்ய மெக்கானிக்குகள். யாரும் யாருக்கும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று புகார். போன் எடுக்கிற பெண் ஒருத்தி, தனியாகப் பேசும்போது என் மனைவியிடம் உடைந்து அழுதுவிட்டாள். மகளுக்கு ஆபரேஷன் என்று லீவு கேட்டிருக்கிறாள். "வீட்டுக் கஷ்டத்தையெல்லாம் லிஃப்ட்லயே விட்டுட்டு மேல வாங்க" என்று மேனேஜர் திருப்பி அனுப்பிவிட்டாராம்.

"நான் சொன்னேன்னு தெரிஞ்சா போச்சு மேடம். என் வேலை இன்னும் பர்மனென்ட் ஆகல. அடுத்த மாசம் அவருதான் கையெழுத்து போடணும். வீட்ல நான் ஒருத்திதான் சம்பாதிக்கிறேன்."

"உங்க பேச்சே வராது. என்னை நம்புங்க," என்றாள் இவள்.

சொன்னபடி எல்லாவற்றையும் மாற்றினாள். லிஃப்ட் கம்பெனி பஸ் கம்பெனி ஆயிற்று. லீவு கேட்கிற பெண் ஆணானாள். மகளுக்குப் பதில் அப்பா. ஆனால் மேனேஜருடைய அந்த ஒரு வசனத்தின் மேல் அவளுக்கு ஆசை விழுந்துவிட்டது. அதை மட்டும் அப்படியே விட்டுவைத்தாள். பஸ் கம்பெனியில் லிஃப்ட் எங்கிருந்து வந்தது என்று அந்த மகாராணிக்குத் தோன்றவே இல்லை.

வகுப்பு நாளன்று லீவு கேட்கிற ஆளாக நடிக்க ஒரு மூத்த மெக்கானிக் எழுந்தார். ஸ்டோர் கிளார்க் மேனேஜராக நடித்தார். தாளைப் பார்த்து அந்த வசனத்தை அவர் படித்ததுதான் தாமதம், அறையே குபீரென்று சிரித்தது. பிறகு ஒவ்வொருவராக முன் வரிசையில் உட்கார்ந்திருந்த மேனேஜரைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள்.

மேனேஜர் மெதுவாகத் திரும்பினார். "இத மேடம்கிட்ட சொன்னது யாரு?"

அந்தப் பெண் குனிந்தபடி பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள். என் மனைவியின் முகம் வெளுத்துவிட்டது.

"எழுதினது நான் சார். தப்பு என்னுது," என்றாள்.

"எழுதினது நீங்க. சொன்னது யாருன்னு கேக்குறேன்."

அப்போதுதான் மெக்கானிக் கையிலிருந்த தாளை மேசையில் வைத்தார். அவருடைய கோபமெல்லாம் இவள் மேல்தான் இருந்தது. "எங்கப்பா விஷயத்த நான் உங்ககிட்ட சொல்லவே இல்லையே மேடம். யாரக் கேட்டு எழுதுனீங்க?"

மேனேஜர் விழித்தார். "உங்க அப்பாவா?"

"நீங்க மறந்திருப்பீங்க சார். அவரு ஆஸ்பத்திரியில இருந்தப்ப ரெண்டு நாள் லீவு கேட்டேன். இதேதான் சொன்னீங்க. ஒரு மொட்டை மாடியில மோட்டாரக் கழட்டிக்கிட்டு இருந்தேன், போயிட்டாருன்னு போன் வந்துச்சு."

இவள் கற்பனையாகப் போட்ட அப்பா அந்த அறையில் ஒருவருக்கு நிஜமான அப்பாவாக இருந்திருக்கிறார். 'நான் எழுதினது உங்களைப் பற்றி இல்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர் கோபம் அடங்கிவிடும். ஆனால் அப்புறம் வேறு யாரைப் பற்றி என்ற கேள்வி வருமே. என் மனைவி அவர் முன்னால் கைகூப்பினாள். "மன்னிச்சிடுங்கண்ணே. உங்களக் கேக்காம எழுதினது தப்புதான்." வீட்டில் நான் ஒரு சொல் சொன்னால் ஒன்பதாகத் திருப்பிக் கொடுக்கிறவள், செய்யாத தப்புக்குத் தலை குனிந்து நின்றாள். எனக்குத் தாங்கவில்லை.

"அண்ணே, அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க." அந்தப் பெண் எழுந்து நின்றிருந்தாள். "அது உங்க விஷயம் இல்ல. நான் சொன்னது. என் பொண்ணு ஆபரேஷனுக்கு நான் லீவு கேட்டது."

மேனேஜர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். மேலே இருப்பவர்கள் அவர் கழுத்தைப் பிடித்தால் அவர் இவர்கள் கழுத்தைப் பிடிப்பார், அவ்வளவுதான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு மெக்கானிக் பக்கம் திரும்பவே இல்லை. அந்தப் பெண்ணிடம்தான் பேசினார்.

"கையெழுத்து இன்னிக்கே போட்டுடறேம்மா. வேலையப் பத்தி பயப்படாதீங்க. இப்ப வீட்டுக்குப் போங்க. பொண்ணுகூட இருங்க."

"இப்ப போயி என்ன சார் பண்றது?" என்றாள் அவள். "ஆபரேஷன் அன்னிக்கு பக்கத்து வீட்டு அக்காதான் அவ கையப் புடிச்சு கூட்டிட்டுப் போனாங்க. இப்ப எதுக்கெடுத்தாலும் அவங்க வீட்டுக்குத்தான் ஓடுறா. என்னைத் தேடுறதில்ல."